கறிக்குழம்புக்கு ஏற்ற ஒயின்

1

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று ஊரில் யாராவது கேட்டால் "ஓட்டல்ல" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அது பொய் இல்லை. அடிலெய்டிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் வண்டியில் வந்தால் குன்றுச் சரிவெல்லாம் திராட்சைக் கொடி கட்டியிருக்கிற ஒரு சின்ன ஊர் வரும். அங்கே ஒரு தோட்டத்தை ஒட்டி ஹெலன் என்ற அம்மாள் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். பாத்திரம் கழுவத்தான் அங்கே சேர்ந்தேன். புதன்கிழமைகளில் இந்தியச் சாப்பாடு போட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியபோது அடுப்படிக்கு வந்தேன். அதற்கப்புறம் இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. சாப்பிட வருகிறவர்களிடம் போய், இந்தக் குழம்புக்கு இந்த ஒயின் பொருந்தும் என்று சொல்ல வேண்டும். அதைத்தான் ஊரில் சொல்வதில்லை.

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குகிற ஊர் நம்முடையது. "செல்வி அங்க ஒயின்ஷாப்புல ஊத்திக் குடுக்குதாம்" என்று உடையார்பாளையத்தில் கிளம்புகிற செய்தி அரியலூர் போய்ச் சேருவதற்குள் எனக்குச் சொந்தமாக ஒரு கடையும் இரண்டு அடியாட்களும் சேர்ந்திருப்பார்கள்.

இப்போது எழுதுகிறேன் என்றால் அதற்குக் காரணம் போன புதன்கிழமை. ஒரு வயதான மனிதர், கையில் தொப்பி, தனியாக வந்திருந்தார். ஆட்டுக்கறிக் குழம்பு கேட்டார். காரம் நன்றாக இருக்கட்டும் என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, இதோடு எதைக் குடிக்கலாம் என்று கேட்டார். வாய் தானாகப் பதில் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அடுப்படிக்குள் போய்க் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா இங்கிருந்து ஊருக்குத் திரும்பிப்போய் அந்த வாரத்தோடு ஒரு வருடம்.

2

நம் பக்கத்தில் இந்த வேலைக்கு இடமே கிடையாது. நம்மவர்கள் சாப்பாட்டோடு குடிப்பதில்லை. முதலில் அது, அப்புறம் இது. தோப்புக்குள்ளேயோ மோட்டார் கொட்டகைக்குப் பின்னாலேயோ நின்றபடி, கசாயம் குடிக்கிற முகத்தோடு மடக்கென்று விழுங்கிவிட்டு, ஊறுகாயைத் தொட்டு நாக்கில் தடவிக்கொண்டு, வாயைத் துடைத்த பிறகுதான் வீட்டுக்குச் சோறு தின்ன வருவார்கள். சரக்குக்கு ஏற்ற கறி எது என்று கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார்கள். கறிக்கு ஏற்ற சரக்கு எது என்று ஒருவரும் யோசித்தது கிடையாது.

இங்கே தலைகீழ். குழம்புதான் மாப்பிள்ளை, அதற்குத்தான் பெண் தேடுகிறார்கள். பொருத்தம் பார்ப்பதில் சில விஷயங்கள் உண்டு. போதைச் சத்து கூடின ஒயினைக் காரத்தோடு குடித்தால் எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றிய மாதிரிதான். துவர்ப்பு அதிகமுள்ள ஷிராஸ் போன்ற கறுஞ்சிவப்பு ஒயின் மிளகாயோடு மல்லுக்கு நிற்கும். புளிக்குழம்புக்கு அதைவிடப் புளிப்பான வெள்ளை ஒயின் வேண்டும், இல்லாவிட்டால் வெறும் தண்ணீராகத் தெரியும். லேசாக இனிப்புள்ள ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின், பச்சை மிளகாயைக் கடித்துவிட்ட பிள்ளையின் வாயில் வெல்லத்தைப் போடுவது போல எரிச்சலை அடக்கும். ஆட்டுக்கறிக்கு கிரனாஷ் என்று ஒரு மெல்லிய சிவப்பு. அதைக் கொஞ்சம் குளிரவைத்துக் கொடுத்தால் குழம்பும் கெடாது, ஒயினும் கெடாது.

இதையெல்லாம் நான் குடித்துக் கற்றுக்கொள்ளவில்லை. மோந்து கற்றுக்கொண்டேன். திங்கட்கிழமை காலையில் ஹெலனும் நானும் உட்கார்ந்து புதிதாக வந்த ஒயின்களைப் பார்ப்போம். கிளாஸைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, ஒரு வாய் எடுத்து நாக்கில் புரட்டிவிட்டு, பக்கத்திலிருக்கும் வாளியில் துப்பிவிட வேண்டும். ஒவ்வொரு ஒயினுக்கும் என்ன பழத்தின் வாசனை என்று புத்தகங்களில் எழுதியிருப்பார்கள். அந்தப் பழங்களில் பாதியை நான் கண்ணால் பார்த்ததில்லை. அதனால் எனக்குத் தெரிந்த வாசனையையே சொன்னேன். ஒரு வெள்ளை ஒயினை மோந்துவிட்டு "முந்திரிப்பழம்" என்றேன். முந்திரிக்குப் பழம் உண்டு என்பதே ஹெலனுக்குத் தெரியாது. படம் வரைந்து காட்டினேன். பழத்துக்கு வெளியே கொட்டை தொங்குவதைப் பார்த்துவிட்டு, எனக்கு வரையத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

எனக்கு மூக்கு வாய்த்தது அம்மாவால். அப்பாவுக்கு முந்திரித் தோப்புக் குத்தகை. வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ கூட்டாளிகளோடு தோப்பில் குடித்துவிட்டு வருவார். அடிதடி கிடையாது, கூச்சல் கிடையாது, வந்து தலையைக் குனிந்துகொண்டு உட்காருவார். அம்மா என்னைக் கூப்பிடுவாள்.

"செல்வி, அப்பாகிட்ட போயி பள்ளிக்கூடத்துல என்ன சொல்லிக் குடுத்தாங்கன்னு சொல்லிட்டு வா."

போய்ப் பக்கத்தில் நின்று வாய்ப்பாட்டை ஒப்பித்துவிட்டு வருவேன். அடுப்பைப் பார்த்தபடியே அம்மா கேட்பாள், "என்ன?"

"கொய்யா எல."

குடித்த நாட்களில் அப்பா கொய்யா இலையை மென்றுவிட்டு வருவார். குடிக்காத நாளில் எவன் கொய்யா இலையை மெல்லுவான்? அம்மா "ம்" என்பாள். அன்றைக்கு ரசத்தில் மிளகு கூடத் தட்டிப்போடுவாள். அவ்வளவுதான் தண்டனை. அவர் குடிக்கிறார் என்று எங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பேச்சு ஒருநாளும் எங்கள் வீட்டில் எழுந்ததில்லை. எங்கள் வீட்டில் மரியாதை என்பதற்கு அதுதான் பொருள் என்று இப்போது நினைக்கிறேன்.

3

அம்மா 2003இல் போய்விட்டாள். அப்பா அங்கே தனி. நான் இங்கே வந்தது 1996இல். என் கணவர் இளங்கோவுக்கு, அவர் பெரம்பலூர்ப் பக்கம் செட்டிகுளத்துக்காரர், வடக்கே பாலைவனத்துக்குள் ஒரு சுரங்கத்தில் வேலை. இரண்டு வாரம் அங்கே இருப்பார், ஒரு வாரம் இங்கே. இங்கே இருக்கிற வாரத்திலும் பாதியைத் தூங்கித் தீர்ப்பார். அவரைக் குறை சொல்லவில்லை, அந்த வேலை அப்படி. மகள் நிலாவுக்குப் பதினோரு வயது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில். தமிழில் அவள் பேசினாலும் "அம்மா, உனக்கு நான் பசிக்குது" என்கிற கணக்கில் வரும். திருத்தினால் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒருநாள் குழம்பைக் கிளறிக்கொண்டே "என்ன, இன்னுமா கொதிக்கல நீ" என்று குழம்பிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கே பயமாக இருந்தது. அப்பாவை அழைத்துக்கொள்ள வேண்டும், முடிந்தால் இங்கேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

விசா வாங்குவது இருக்கிறதே, அது தனிக் கூத்து. அப்பாவுக்கு ஒரே பெயர், படிவத்தில் இரண்டு கட்டம். தாத்தாவின் பெயரை எடுத்து இரண்டாவது கட்டத்தில் போட்டோம். அன்றிலிருந்து அரசாங்கக் கடிதமெல்லாம் செத்துப்போன தாத்தாவுக்கே வந்தது. நெஞ்சுக்கு எக்ஸ்ரே படம் எடுக்கத் திருச்சிக்குப் போனார். இது எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் ஒன்று. இவர் கட்டாயம் ஊருக்குத் திரும்பிவிடுவார் என்று நாம் நிரூபிக்க வேண்டும். வீட்டு வரி ரசீது, குத்தகைப் பத்திரம், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் கட்டி அனுப்பி, எங்கப்பாவுக்கு உடையார்பாளையத்தை விட்டால் உலகமே இல்லை என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவரைத் திரும்பிப் போகவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் அதை எழுதினேன்.

2005 மே மாதம் வந்து இறங்கினார். இங்கே குளிர் தொடங்குகிற சமயம். கொண்டுவந்த சின்ன வெங்காயத்தையும் கத்தரி விதைப் பொட்டலத்தையும் விமான நிலையத்தில் எடுத்துக்கொண்டார்கள். வறுத்த முந்திரியை விட்டுவிட்டார்கள். "வெங்காயத்துல என்னம்மா வெடிகுண்டா இருக்கு?" என்று வண்டியில் வரும்போதெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

பகலெல்லாம் வீட்டில் தனியாக இருப்பார். கடைக்குக் கூட்டிக்கொண்டு போனால், பில் போடுகிற பெண் வழக்கமாகக் கேட்கிற நலவிசாரிப்புக்கு நின்று நிதானமாகத் தமிழில் பதில் சொல்லுவார். "முட்டிதான்மா காலையில மடக்க முடியல, மத்தபடி ஒண்ணும் கொறையில்ல." அந்தப் பெண்ணும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். எனக்குத் தெரிந்து அந்த ஊரில் அவரோடு பேசிய ஒரே வெளி ஆள் அவள்தான். பேச்சு குறைந்துகொண்டே வந்தது. சாப்பாடும் குறைந்தது. நவம்பரில் போகிற டிக்கெட்டைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தார்.

4

ஒரு திங்கட்கிழமை பஸ் வரவில்லை என்று நிலாவைப் பள்ளியில் விட்டுவிட்டு, கூட வந்த அப்பாவைத் திரும்ப வீட்டில் விட நேரமில்லாமல் ஹெலன் கடைக்கே கூட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. மூலையில் உட்கார்ந்திருந்தார். நான் கிளாஸைச் சுழற்றுவதையும், மோப்பதையும், வாளியில் துப்புவதையும் அவர் பார்த்தார். அதுவரை நான் அவரிடம் சமையல் வேலை என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். வயதுக்கு வந்த மகள் அழுதால் அப்பாக்கள் திரும்பிக்கொள்வார்களே, அப்படி.

திரும்பி வரும்போது வண்டியில் பாதி வழி வந்த அப்புறம்தான் ஆரம்பித்தார்.

"அத்தனையும் துப்பிர்றியா?"

"ஆமாம்ப்பா."

"முழுங்கறதே இல்ல?"

"இல்லப்பா. அதுதான் வேல."

"நல்ல வெல இருக்குமோ?"

"சிலது நல்ல வெலதான்."

கொஞ்ச நேரம் திராட்சைக் கொடிகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். "பின்ன ஏம்மா துப்புற?" என்று கேட்டுவிட்டு, சொல்லக்கூடாததைச் சொன்னவர் போலச் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. வந்ததிலிருந்து அவர் கேட்ட கேள்விகளிலேயே உயிருள்ள கேள்வி அது ஒன்றுதான். இங்கே அவருக்குத் தோப்பு இல்லை, கூட்டாளி இல்லை, மறைவதற்கு ஒரு மரம்கூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இந்த நாட்டு வீடுகளில் எல்லா இடமும் வெளிச்சம்.

மறுநாள் மாலை, கொல்லையில் புல் வெட்டுகிற மெஷின் வைத்திருக்கும் தகர ஷெட்டுக்குப் போனேன். பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஒரு பாட்டிலை வைத்தேன். மூடியை லேசாகத் திருகித் தளர்த்திவிட்டு, பக்கத்தில் ஓர் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன். உள்ளே வந்து, "அப்பா, ஷெட்டுல மம்பட்டி துருப்பிடிச்சுக் கெடக்கு. நேரம் கெடச்சா பாருங்க" என்றேன்.

"பாக்கறேன்" என்றார்.

5

முதலில் வைத்தது ஷிராஸ். அப்பாவுக்குச் சிவப்பாக, கனமாக இருந்தால்தான் பிடிக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு. மறுநாள் போய்ப் பார்த்தால் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. அதற்கப்புறம் நான்கைந்து நாள் அசையவில்லை. துவர்ப்பும் காரமும் சேர்ந்து நாக்கைப் பிடுங்கியிருக்கும். ஊரில் அப்பாவுக்குக் குடித்து முடித்துச் சாப்பிட்டுத்தான் பழக்கம் என்றாலும், அந்த வாசனை வாயில் இருக்கும்போதுதானே வந்து குழம்பைத் தொடுகிறார்.

அடுத்து ரீஸ்லிங் வைத்தேன். ஒரு சொட்டும் குறையவில்லை. தித்திப்பாக இருந்ததால் சர்பத் என்று நினைத்திருப்பார். பிறகு ஒரு சனிக்கிழமை ஆட்டுக்கறி எடுத்தேன். மிளகும் சின்ன வெங்காயமும் அரைத்து, ஊரில் அம்மா வைக்கிற மாதிரியே வைத்தேன். ஷெட்டில் கிரனாஷ். அந்தக் குளிருக்குத் தகர ஷெட்டே குளிர்சாதனப் பெட்டிதான், தனியாகக் குளிரவைக்க வேண்டியதில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கு அப்பா கொல்லைப் பக்கமிருந்து வந்து தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார். சோறு போடக் குனிந்தேன். எலுமிச்சை இலை வாசனை வந்தது. கொல்லையில் எங்களுக்கு எலுமிச்சை மரம் ஒன்று உண்டு. கொய்யாவுக்கு அவர் எங்கே போவார்?

அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. என் அப்பா எனக்குத் தெரியாமல் குடித்துவிட்டு வந்து என் வீட்டில் சோறு தின்கிறார். அப்படியென்றால் இது அவர் வீடு. மூன்றாவது தடவையாகக் கறி வாங்கிச் சாப்பிட்டார். ரசத்துக்கு மிளகைக் கூடத் தட்டினேன். "என்ன, இன்னைக்கு ரசம் கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றார்.

அதிலிருந்து எனக்கு அதுவே வேலை. என்ன குழம்பு வைக்கலாம், அதற்கு என்ன ஒயின் வைக்கலாம் என்று திங்கட்கிழமைகளில் ஹெலனோடு உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் அந்த ஷெட்டுக்குத்தான் பொருத்தம் பார்த்தேன். பாட்டிலில் மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்பதை வைத்து அவர் நாக்கைப் படித்தேன். மீன் குழம்புக்கு வைத்த ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயின் அவருக்குப் பிடித்தது. கத்தரிக்காய்க் காரக்குழம்புக்கு நான் வைத்தது எதுவும் பிடிக்கவில்லை. எத்தனையோ பேருக்கு ஒயின் சொல்லியிருக்கிறேன். வாயைத் திறக்காத அந்த ஒருவருக்குத் தேர்ந்தெடுத்ததைப் போல நன்றாக யாருக்கும் தேர்ந்தெடுத்ததில்லை.

அப்பாவின் முகம் தெளிந்தது. ஷெட்டுக் கதவுக்கு எண்ணெய் போட்டார், மண்வெட்டியைத் தீட்டினார், புல்தரையின் ஓரமாக ஒரு பாத்தி கட்டினார். நிலா பள்ளி விட்டு வந்ததும் அவரோடு மண்ணில் உட்கார்ந்திருப்பாள். அவள் ஒரு வார்த்தை தமிழ் சொன்னால் அவர் ஒரு வார்த்தை இங்கிலீஷ் சொல்லுவார், கணக்கு சரியாகிவிடும். ஆகஸ்டு கடைசியில் ஒருநாள் பாத்தியைப் பார்த்தபடி சொன்னார்.

"பனி வுட்டதும் கத்தரி நட்டுர்லாம். தை பொறந்தா காய் பறிக்கலாம்."

நவம்பரில் டிக்கெட். தை மாதக் காயைப் பற்றிப் பேசுகிறார். நான் அடுப்படிக்குள் ஓடிப்போய்ச் சுரங்கத்திலிருந்த இளங்கோவுக்குப் போன் போட்டேன். "அப்பா இருந்துருவாரு போலிருக்கு" என்றேன். விசாவை நீட்டிக்கிற படிவத்தை அடுத்த நாளே வாங்கி வந்துவிட்டேன்.

6

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெலனையும் அவர் வீட்டுக்காரரையும் சாப்பிட அழைத்திருந்தோம். இளங்கோ வந்திருந்தார். அப்பா சலவை வேட்டி கட்டிக்கொண்டு மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்தார். ஆட்டுக்கறி, சோறு, ரசம். விருந்தாளிகள் இந்த ஊர் வழக்கப்படி தாங்களே ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தார்கள். ஹெலன் அப்பா பக்கம் கிளாஸை நகர்த்தினார்.

அப்பா இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே தூக்கி "நோ, நோ" என்றார்.

"மாமா இதையெல்லாம் தொடவே மாட்டாரு" என்று இளங்கோ இங்கிலீஷில் சொன்னார். சொல்லும்போது அவர் குரலில் பெருமை இருந்தது. மாமனாரைப் பற்றி மருமகன் சொல்ல வேண்டியதுதான் அது.

நிலா சோற்றிலிருந்து நிமிர்ந்தாள். "தாத்தாவுக்கு இது பிடிக்காது. தாத்தாவுக்கு ஷெட்டில் இருக்கிறதுதான் பிடிக்கும்" என்றாள் இங்கிலீஷில். நான் எழுந்திருப்பதற்குள் ஓடிப்போய்விட்டாள். திரும்பி வரும்போது ஒரு கையில் பாட்டில், மறு கையில் டம்ளர். இரண்டையும் அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் கவனமாக வைத்தாள். டம்ளருக்குள் வாடிய எலுமிச்சை இலை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

ஹெலன் பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டு உண்மையான சந்தோஷத்தோடு சிரித்தார். "கிரனாஷ்! உன் அப்பாவுக்கு உன்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது."

அங்கே யாரும் தப்புச் செய்யவில்லை. நிலா தன் தாத்தாவுக்குப் பிடித்ததை எடுத்து வந்தாள். ஹெலன் பாராட்டினார். இளங்கோ சங்கடப்பட்டுத் தண்ணீர் குடித்தார். அப்பா டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. இலையில் மிச்சம் வைப்பது அவர் வழக்கமில்லை, அதனால் தட்டிலிருந்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தார். கை கழுவினார். விருந்தாளிகளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். களைப்பாக இருக்கும் என்றார் ஹெலன்.

மறுநாள் காலையில் பல் துலக்கிவிட்டு வந்து சொன்னார்.

"டிக்கெட்டக் கொஞ்சம் முன்னாடி மாத்திப் போட முடியுமான்னு கேளும்மா. மழைக்கு முந்தி தோப்ப உழுது போடணும்."

"இந்த வருஷம் ஆள வச்சு உழச் சொல்லலாம்ப்பா."

"நாந்தான் நிக்கணும்."

"கத்தரி போடணும்னீங்களே."

"இந்த மண்ணுல வராதும்மா" என்றார்.

நிலா என்னிடம் வந்து, தான் என்ன செய்துவிட்டோம் என்று அழுதாள். அவளுக்குப் புரிகிற பாஷையில் சொல்லப் பார்த்தேன். தாத்தாவுக்கு வெட்கம் என்று சொன்னால், குடிப்பதில் என்ன வெட்கம், ஹெலன் குடிக்கிறாரே, அவர் வீட்டுக்காரர் குடிக்கிறாரே என்று கேட்டாள். அது வெட்கம் இல்லை. அவர் மறைப்பார், நாங்கள் பார்க்காமல் இருப்போம். அதைத்தான் நாங்கள் ஒருவருக்கொருவர் ஆயுசுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தோம். மேசை மேல் எடுத்து வைத்துவிட்டால் அப்புறம் கொடுக்க ஒன்றுமில்லை. இதை எந்த இங்கிலீஷில் சொல்வது? "தாத்தாவுக்கு ஊர் ஞாபகம் வந்துடுச்சு" என்று சொல்லி அணைத்துக்கொண்டேன். அவள் நம்பவில்லை.

விமான நிலையத்தில் உள்ளே போவதற்கு முன்னால் அப்பா சொன்னது ஒன்றே ஒன்று. "நெலாவத் திட்டாத. புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. போயிட்டு வரேன்."

7

ஒரு வருடமாக அப்பாவோடு போனில் பேசுகிறேன். முட்டி வலி, மழை, முந்திரி விலை, நிலாவின் படிப்பு. அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கம் இரண்டு பேருமே போவதில்லை. ஒவ்வொரு தடவையும் கடைசியில் "வாங்களேன்ப்பா" என்பேன். "பாப்பம்மா" என்பார். எழுதி அனுப்பாமல் நான் வைத்திருக்கிற அந்த விசா படிவத்தின் காலமும் முடிந்துபோய்விட்டது. திரும்ப வருவதென்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும்.

போன புதன்கிழமை அந்தத் தொப்பிக்காரர் சாப்பிட்டு முடித்துவிட்டு, அடுப்படி வாசலுக்கே வந்து எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். வேலை முடிந்ததும் வண்டியில் உட்கார்ந்து அப்பாவுக்குப் போன் செய்தேன். அங்கே மத்தியானம். சாப்பிட உட்காருகிற நேரம்.

"என்னம்மா இந்நேரத்துல?"

"சும்மாதான்ப்பா. இன்னைக்குக் கடைக்கு ஒருத்தரு வந்தாரு. ஆட்டுக்கறிக்கு எந்த ஒயின் நல்லாருக்கும்னு கேட்டாரு."

"ம்."

"நான் ஷெட்டுல வச்சனே, அதத்தான்ப்பா சொன்னேன்."

வாயிலிருந்து வந்துவிட்டது. நான் வைத்தது என்று அவரிடம் சொன்னது அதுவே முதல் தடவை. அந்தப் பக்கம் பின்னால் யாரோ ஆட்டை ஓட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

"அவருக்குப் புடிச்சிதா?" என்று அப்பா கேட்டார்.

"ரொம்பப் புடிச்சிருந்துச்சுன்னாரு."

"புடிக்கும். அது கறிக்கு நல்லாத்தான் இருந்துது."

"அங்க இப்ப..." என்று ஆரம்பித்தேன். அவரே சொன்னார்.

"இப்ப இல்லம்மா. ஒங்கம்மா போனதோட வுட்டாச்சு. வூட்டுல யாரு இருக்கா, யாருக்குத் தெரியாமக் குடிக்கறது? எல தேடி மெல்லவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்னு ஆயிப்போச்சு. ஒன் வூட்டுக்கு வந்தப்பறந்தான் மறுபடி..." நிறுத்திக்கொண்டார். "சரி வுடு. சோறு ஆறுது."

"அப்பா, வச்சுடாதீங்க. நீங்க இங்க வந்துருங்கப்பா. நான் ஷெட்டுப் பக்கமே வரல. முன்ன மாதிரி எனக்குத் தெரியாமக் குடிங்க."

அப்பா சிரித்தார். அம்மா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. சிரிப்பு அடங்குகிறவரை காத்திருந்தேன்.

"அதான் இப்ப ஒனக்குத் தெரிஞ்சு போச்சேம்மா" என்றார்.